கண்புரை ஆபரேஷனை டாக்டர்கள் யார் கண்ணில் பழகுகிறார்கள்?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: "அப்பத்தாவுக்கு 78 வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் கேம்ப்பில் பார்த்துவிட்டு, வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். டாக்டர்களுக்குப் பயிற்சி தரும் பெரிய ஆஸ்பத்திரி அது. ‘அங்க படிக்கிற பிள்ளைக கத்தி புடிச்சுப் பழகத்தான் நம்மளக் கூட்டிக்கிட்டுப் போறாக’ என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னதிலிருந்து அப்பத்தா வர மறுக்கிறார்கள். இந்த ஆபரேஷனைக் கண் டாக்டர்கள் எப்படித்தான் பழகுகிறார்கள்? நாங்கள் பயப்பட வேண்டுமா?"

ஆச்சி சொன்னதில் பாதி உண்மை. பயிற்சி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனின் ஒரு பகுதியையோ, சில சமயம் முழுவதையுமோ பயிற்சியில் இருக்கும் டாக்டர் செய்யலாம். அந்தப் ‘படிக்கிற பிள்ளை’ எம்பிபிஎஸ் முடித்து, மூன்று வருட எம்எஸ் கண் மருத்துவத்தில் இருப்பவர். அல்லது அதையும் முடித்துவிட்டு ஆபரேஷனுக்கென்றே தனியாக ஃபெலோஷிப் சேர்ந்தவர். கை தேர்ந்த எந்த டாக்டருக்கும் முதல் கண் என்று ஒன்று இருந்திருக்கும். அந்த முதல் கண்ணுக்கு முன்னால் அவரை என்னென்ன செய்ய வைத்தார்கள், அன்றைக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சர்வீஸில் இருந்த காலத்தில் பெரும்பகுதி நான் உட்கார்ந்தது அந்தப் பக்கத்து நாற்காலியில். இப்போது காரைக்குடியில் ஓய்வாக இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், இது ஏன் பழகக் கஷ்டமான ஆபரேஷன்? கண்ணின் கருவிழி சுமார் 12 மில்லிமீட்டர் அகலம். அதற்குப் பின்னால், பாப்பாவுக்கு உள்ளே, 9 முதல் 10 மில்லிமீட்டர் அகலத்தில் லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. அந்த லென்ஸ் மங்கிப்போவதுதான் புரை. பையின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு வாசல் திறந்து, உள்ளே இருக்கும் புரையை எடுத்துவிட்டு, பையை மட்டும் பத்திரமாக விட்டு, அதே பைக்குள் செயற்கை லென்ஸை வைக்க வேண்டும். பையின் பின்சுவர் நடுவில் வெறும் 4 மைக்ரான்தான் கனம். நம் தலைமுடி அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் தடிமன். அது கிழிந்தால் பின்னால் இருக்கும் விட்ரியஸ் என்ற ஜெல் முன்னுக்கு வரும். ஆபரேஷன் தியேட்டரில் எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். ‘பிசி ரென்ட்’ என்போம்.

போதாததற்கு, இதெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை. கையை நீங்கள் பார்க்க முடியாது. கருவியின் நுனி மட்டும்தான் தெரியும். இடது கால் மைக்ரோஸ்கோப்பின் பெடலில் இருக்கும், வலது கால் புரையை உடைத்து உறிஞ்சும் பேக்கோ மெஷினின் பெடலில். அந்த வலது பெடலை லேசாக அழுத்தினால் தண்ணீர் மட்டும் போகும். இன்னும் அழுத்தினால் உறிஞ்சும். முழுக்க அழுத்தினால் அல்ட்ராசவுண்ட் அதிர்வு வந்து புரையை உடைக்கும். இரண்டாவது நிலையில் நிற்க வேண்டிய கால் பதற்றத்தில் மூன்றாவதுக்குப் போனால் கதை கந்தல். புதிதாக வருகிறவர்களுக்குக் கையைவிடக் கால்தான் அதிகம் தகராறு செய்யும். கையைத்தான் எல்லாரும் பயிற்சி செய்துவிட்டு வருகிறார்கள், காலை யாரும் நினைப்பதில்லை.

முன்பெல்லாம் இதை எப்படிப் பழகினார்கள் என்றால், பார்த்துப் பழகினார்கள், அவ்வளவுதான். சீனியர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது, ஒரு நாள் "சரி, நீ உட்கார்" என்பார், உட்கார வேண்டியது. 1970-களிலும் 80-களிலும் செட்டிநாட்டு ஊர்களில் பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ பெஞ்சைப் போட்டு ஆபரேஷன் நடந்த கேம்ப்புகளை உங்கள் அப்பத்தாவுக்கு ஞாபகம் இருக்கும். புரையைப் பையோடு சேர்த்து எடுத்துவிட்டு, சோடாப்புட்டி கண்ணாடி கொடுத்து அனுப்பிய காலம் அது. லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949-லேயே கண்ணுக்குள் லென்ஸ் வைத்துக் காட்டிவிட்டார். ஆனாலும் அது நம் ஊர் ஏழை வீட்டுக் கண்ணுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின; மதுரையில் 1992-ல் ஆரோலேப் தொடங்கி லென்ஸை இங்கேயே தயாரித்த பிறகுதான் விலை கைக்கு எட்டியது. கேம்ப் ஆபரேஷனில் நிறைய கேஸ் கிடைத்தது, டாக்டர்கள் வேகமாகக் கை தேர்ந்தார்கள், அது நிஜம். கற்றுக்கொள்ளும்போது நடந்த தவறுகளை யாரும் கணக்கு வைக்கவில்லை, அதுவும் நிஜம். இப்போது கேம்ப்பில் சோதனை மட்டும்தான். ஆபரேஷன் வேண்டியவர்களை பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் முறையான தியேட்டரில் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். கல்லலிலும் பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் அந்த பஸ்களைப் பார்த்திருப்பீர்கள்.

இன்றைய பயிற்சி, விலங்கின் கண்ணை வைத்துப் பழகும் வெட் லேப்பில் ஆரம்பிக்கிறது. நம் பக்கத்தில் வெட் லேப் என்றால் ஆட்டுக் கண். வெளிநாட்டில் பன்றிக் கண் வைத்துக்கொள்வார்கள். நமக்குக் கறிக்கடையில் கிடைப்பது ஆடு. காலையில் ஆடு அறுத்த கொஞ்ச நேரத்தில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். நேரம் ஆக ஆகக் கருவிழி வெளுத்துப்போய் உள்ளே எதுவும் தெரியாது. தலைக்கறி வாங்குகிறவர்கள் "கண்ணு எங்கப்பா போச்சு?" என்று சண்டைக்கு வருவதாகக் கடைக்காரர் ஒருவர் அலுத்துக்கொள்வார். அவரைச் சமாதானப்படுத்துவதும் பயிற்சி தருகிறவரின் வேலைகளில் ஒன்று.

வாங்கி வந்த கண் கொஞ்சம் தொய்ந்திருக்கும். பின்பக்க நரம்பு வழியாக ஊசியில் சலைன் ஏற்றினால் விறைப்பாகும். தெர்மாகோலில் செய்த முகத்தில் ஒரு குழி வெட்டி, அதில் கண்ணை வைத்துக் குண்டூசி குத்தி நிறுத்துவோம். அப்புறம் மைக்ரோஸ்கோப்பின் கீழே உட்கார்ந்து, வெள்ளை விழியில் கிரெசென்ட் பிளேடால் சுரங்கம் வெட்டுவது, பையைத் திறப்பது, தையல் போடுவது என்று ஒவ்வொன்றாக. ஆட்டுக்குப் புரை இருக்காது, லென்ஸ் பளிங்குபோல் தெளிவாக, மென்மையாக இருக்கும். அதனால் லென்ஸுக்குள் கொஞ்சம் ஃபார்மலின் ஏற்றிக் கெட்டியாக்குவார்கள். மைக்ரோவேவ் அடுப்பில் சில நொடி வைத்துக் கெட்டியாக்குகிறவர்களும் உண்டு. வெட் லேப் கருவி ஒன்றுகூடத் திரும்பத் தியேட்டருக்குள் போகக் கூடாது என்பது கறாரான விதி. அதற்கென்றே தனி செட் இருக்கும், பெரும்பாலும் தியேட்டரில் முனை மழுங்கி ஓய்வு பெற்றவை.

ஆட்டுக் கண் எல்லாவற்றையும் கற்றுத் தந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். சுரங்கம் வெட்டவும் தையலுக்கும் அது அருமையான வாத்தியார். பையைத் திறப்பதில் மட்டும் ஏமாற்றும். ஆட்டின் பை மனிதனுடையதைவிடக் கனம், ரப்பர் மாதிரி இழுபடும். வட்டமாகக் கிழிக்கப் பார்த்தால் ஓரத்துக்கு ஓடிவிடும். மனிதக் கண்ணில் 5 மில்லிமீட்டர் சுமாருக்கு ஒரே வட்டமாக, பிசிறில்லாமல் கிழிக்க வேண்டும், ரெக்ஸிஸ் என்போம். இதைப் பழகத் தக்காளித் தோல், திராட்சைத் தோல், வெங்காயத்தின் உள்சவ்வு, பிஸ்கட் பாக்கெட் காகிதம் என்று ஆளுக்கொரு வழி வைத்திருப்பார்கள். ஜப்பானில் செய்த கிடாரோ என்ற செயற்கைக் கண் செட்டும் உண்டு. வசதியுள்ள இடங்களில் அது இருக்கும், மற்ற இடங்களில் தக்காளிதான்.

அடுத்தது சிமுலேட்டர். விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் தரையிலேயே பழகும் இயந்திரத்தை மாதிரியாக வைத்துச் செய்தவை இவை. சிறு சுரங்கம் வெட்டிப் புரையை எடுக்கும் எஸ்ஐசிஎஸ் முறைக்கான சிமுலேட்டர் பயிற்சியைப் பரப்பிவரும் ஹெல்ப்மீசீ என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆல்பர்ட் உல்ட்ஷி, விமானிகளுக்குப் பயிற்சி தரும் ஃப்ளைட்சேஃப்டி நிறுவனத்தை உருவாக்கியவர். பேக்கோவுக்கு ஐசி என்ற இயந்திரம் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. திரைக்குள் தெரியும் கண்ணில்தான் வேலை, தப்பு செய்தால் மதிப்பெண் குறையும், திரும்ப முதலிலிருந்து. பிரிட்டனில் இந்த ஐசி வந்த பிறகு முதல் இரண்டு வருடப் பயிற்சி டாக்டர்களின் கையில் பின்பை கிழிவது 4.2 சதவீதத்திலிருந்து 2.6 சதவீதமாகக் குறைந்தது என்று 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைவு. அந்த வித்தியாசம் முழுக்க யாரோ ஒரு அப்பத்தா, யாரோ ஓர் ஐயாவின் கண்தானே. ஆனால் இயந்திரத்தின் விலை சாதாரணக் கல்லூரிக்குக் கட்டுப்படியாகாது. நம் மாவட்டக் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றும் வாங்கித் தருவதைவிட, மண்டலத்துக்கு ஒன்று வைத்துப் பிஜிக்களை, அதாவது எம்எஸ் படிக்கும் டாக்டர்களை, முறைவைத்து அனுப்புவது நடக்கக்கூடிய காரியம் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் மனிதக் கண். இங்கேதான் நல்ல பயிற்சி எது, ஒப்புக்குச் செய்யும் பயிற்சி எது என்று பிரியும்.

ஒரு முழு ஆபரேஷனை முதல் நாளே ஒருவர் கையில் தருவது கிடையாது. பத்துப் பன்னிரண்டு கட்டமாகப் பிரித்து, ஒரு நோயாளியிடம் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் தருவார்கள், மீதியைச் சீனியரே செய்வார். அதிலும் கடைசிக் கட்டம்தான் முதலில் வரும். செட்டிநாட்டுக் கல்யாணச் சமையலில் புதுப்பையன் சேர்ந்தால் எடுத்த எடுப்பில் அடுப்பில் விடுவதில்லை. முதலில் பந்தி பரிமாறப் பழகி, அப்புறம் தாளிப்பு, அப்புறம்தான் குழம்புக்கு மசாலாக் கூட்ட விடுவார்கள். அதே கதைதான். முதலில் வெட்டிய வாயை சலைன் ஏற்றி மூடச் சொல்வோம். அது கை வந்ததும், கண்ணுக்குள் இடம் விரிந்து நிற்பதற்காக ஏற்றியிருக்கும் விஸ்கோ ஜெல்லைக் கழுவி எடுப்பது. பிறகு லென்ஸை வைப்பது. பிறகு சிம்கோ கேனுலா என்ற மெல்லிய குழாயால் மிச்சமிருக்கும் புரைத் துணுக்குகளை உறிஞ்சுவது. கடினமான ரெக்ஸிஸும் புரையை வெளியே எடுப்பதும் கடைசியில்தான் கைக்கு வரும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைசிக் கட்டத்தைச் செய்கிறவர், அதற்கு முந்தைய கட்டங்களைச் சீனியர் சுத்தமாகச் செய்துகொடுத்த கண்ணில் வேலை செய்கிறார். நல்ல ரெக்ஸிஸ் எப்படி இருக்க வேண்டும், நல்ல சுரங்கம் எப்படி ஒழுகாமல் நிற்கும் என்று தன் கையால் தொட்டுத் தெரிந்துகொள்கிறார். முதலிலிருந்து ஆரம்பித்தால், தான் சுமாராக வெட்டிய சுரங்கத்தின் மேலேயே அடுத்த கட்டத்தையும் செய்ய வேண்டும், தப்பு மேல் தப்பாக ஏறும். கடைசியில் எந்தக் கட்டத்தில் கெட்டது என்றே தெரியாது. முன்பக்கத்திலிருந்து கற்றுத்தருகிற இடங்களும் இன்னும் இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை.

இரண்டாவது விஷயம், மைக்ரோஸ்கோப்பின் இரண்டாவது கண்ணாடி. பயிற்சிக்கான மைக்ரோஸ்கோப்பில் பக்கவாட்டில் இன்னொருவர் பார்க்க வசதி உண்டு. சீனியர் கை கழுவி, கவுன், கிளவுஸ் போட்டு, அதில் கண் வைத்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். ‘பக்கத்து டேபிளில் இருப்பார், கூப்பிட்டால் வருவார்’ என்பது முதல் கேஸ்களுக்குப் போதாது. பின்பை கிழிவது ஒரு நொடி வேலை, கூப்பிட்டு முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

நோயாளி விழித்திருக்கிறார் என்பது இதில் இன்னொரு சங்கதி. பிளாக் ஊசி போட்டோ, வெறும் சொட்டு மருந்தில் மரத்துப்போக வைத்தோதான் செய்கிறோம். காது நன்றாகவே கேட்கும். "ஐயையோ", "அடடா", "போச்சு" என்ற சொற்களுக்கெல்லாம் தியேட்டரில் தடை. "நல்லாருக்கு, கொஞ்சம் விஸ்கோ போட்டுக்கலாம்" என்று நான் சொன்னால், பிஜிக்கு அதன் அர்த்தம் ‘கையை அப்படியே நிறுத்து’. "நாற்காலி மாத்திக்கலாமா டாக்டர்?" என்றால் எழுந்துவிட வேண்டும், மறுபேச்சு இல்லை. நோயாளிக்கு அது ஏதோ சாதாரணப் பேச்சு மாதிரி இருக்கும். "ஆத்தா, கீழ பாத்தாப்புல இருங்க, இந்தா முடிஞ்சிருச்சு" என்று சிஸ்டர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். எப்போது நாற்காலியை வாங்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் சொல்லிக்கொடுப்பவரின் திறமை. சீக்கிரம் வாங்கினால் பிஜி எதையும் கற்றுக்கொள்ள மாட்டார், தாமதித்தால் நோயாளிக்கு நஷ்டம். நான் சீக்கிரம் வாங்குகிறவன் என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெயரில் எனக்கு வருத்தம் கிடையாது.

இப்போது எந்த முறையில் முதலில் பழக்குவது என்ற சண்டைக்கு வருவோம். இரண்டு முறை உண்டு. எஸ்ஐசிஎஸ் என்பதில் வெள்ளை விழியில் 6, 7 மில்லிமீட்டர் சுரங்கம் வெட்டி, புரையின் கெட்டியான நடுப்பகுதியை முழுசாக வெளியே எடுப்பார்கள். சுரங்கம் தானே மூடிக்கொள்ளும், தையல் வேண்டாம். பேக்கோவில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான வாய் வழியாக அல்ட்ராசவுண்டால் புரையை உடைத்து உறிஞ்சுவார்கள். பல் டாக்டரிடம் போனபோது அவருடைய அல்ட்ராசவுண்ட் கருவியைப் பார்த்து அமெரிக்க டாக்டர் சார்லஸ் கெல்மனுக்கு வந்த யோசனை அது. 1967-ல் முதலில் செய்தார். பணம் கட்டும் நோயாளிகள் எல்லாரும் கேட்பது பேக்கோ, இளம் டாக்டர்கள் எல்லாரும் கற்க ஆசைப்படுவதும் பேக்கோ.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த 79,777 ஆபரேஷன்களை வைத்து 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் இரண்டு முறையிலும் சிக்கல்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு, நூற்றுக்கு ஒன்று சுமார். பயிற்சி டாக்டர்களை மட்டும் தனியாகப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது: பேக்கோவில் 4.8 சதவீதம், எஸ்ஐசிஎஸ்ஸில் 1.46 சதவீதம். அதாவது பழகுகிறவர் கையில் எஸ்ஐசிஎஸ் மூன்று மடங்கு பாதுகாப்பாக இருந்திருக்கிறது. அதனால் எஸ்ஐசிஎஸ்ஸில் கை நிலைத்த பிறகு பேக்கோவுக்குப் போவதுதான் முறை என்பது என் கருத்து. இன்னொரு காரணமும் இருக்கிறது. செட்டிநாட்டுக் கிராமங்களில் "இன்னுங் கொஞ்சம் போகட்டும்" என்று தள்ளிப்போட்டு, புரை பழுப்பாகிக் கறுத்துக் கல்லான பிறகு வருகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கல்லைப் பேக்கோவில் உடைக்க அல்ட்ராசவுண்டை அள்ளிக் கொட்ட வேண்டும், கருவிழி அடிபடும். பேக்கோ மட்டுமே தெரிந்த டாக்டர் அங்கே கை பிசைந்து நிற்பார். எஸ்ஐசிஎஸ்ஸை ‘ஏழை ஆபரேஷன்’ என்று இளக்காரமாகப் பேசும் ஜூனியர்களிடம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, உங்கள் பக்கத்து வீட்டு ஆச்சியின் பேச்சுக்குள் நியாயமான கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது: ஏன் இலவச நோயாளியின் கண்ணில்? காசு கொடுக்கிறவர் இந்த டாக்டர்தான் செய்ய வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார். கேம்ப் பஸ்ஸில் வருகிறவர் கேட்பதில்லை. அதனால் பயிற்சியின் பாரம் அவர் மேல் விழுகிறது. இதைவிட மோசம், பழகுவதற்கு ஏற்ற நடுத்தரக் கெட்டியுள்ள புரை காசு கொடுக்கிறவரிடம் இருக்கிறது, சீக்கிரமே வந்துவிடுவார். முற்றிப்போன, மிகக் கஷ்டமான புரை கேம்ப்பில் வருகிறவரிடம் இருக்கிறது. யாரும் கவனித்துப் பிரிக்காவிட்டால், மிகக் கஷ்டமான கண் அனுபவம் குறைந்த கைக்குப் போய்ச் சேரும். அதைத் தடுப்பதற்குத்தான் கேஸ் பிரிப்பது என்ற வேலை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் சீனியர் உட்கார்ந்து எல்லாக் கண்ணையும் ஸ்லிட் லேம்ப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்து, பிஜிக்கு ஆகும், ஆகாது என்று குறிக்க வேண்டும்.

யாரெல்லாம் ஆகாது? மற்றக் கண்ணில் பார்வை இல்லாதவர். சொட்டு மருந்து போட்டும் பாப்பா விரியாதவர். குழிந்த கண்ணுள்ளவர். காது கேளாமல், ‘கீழே பாருங்கள்’ என்றால் புரியாதவர். பாப்பாவின் ஓரத்தில் பொடுகுபோல வெள்ளைத் துகள் படிந்தவர். சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் என்று பெயர், நம் தென்மாவட்டத்துப் பெரியவர்களிடம் அடிக்கடி பார்ப்பது. அவர்களுக்கு லென்ஸ் பையைத் தாங்கும் நார்கள் தளர்ந்திருக்கும், நடு ஆபரேஷனில் பையே ஆட்டம் காணும். புராஸ்டேட் தொல்லைக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடும் ஐயாக்களும் இந்தக் கணக்கில்தான். அந்த மாத்திரை கண்ணின் கருந்திரையைத் தொளதொளக்க வைத்துவிடும். மூத்திர மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்வதில்லை. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எத்தனை ஆபரேஷன் செய்தால் கற்றதாக அர்த்தம்? அமெரிக்காவில் பயிற்சிக் காலத்தில் குறைந்தது 86 என்று வைத்திருக்கிறார்கள், பிரிட்டனில் 350. நம் நாட்டில் நடைமுறை கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசப்படும். ஒரு கல்லூரியில் தாராளமாகக் கிடைக்கும். இன்னொன்றில் எம்எஸ் முடித்து வெளியே வரும்போது தனியாக முழு ஆபரேஷன் செய்யத் தயங்குகிற நிலை. அந்தக் குறையை நிரப்பத்தான் ஃபெலோஷிப்புகளும் குறுகிய காலப் படிப்புகளும். இதில் ‘இவ்வளவு பணம், இத்தனை கேஸ் கையில்’ என்று எண்ணிக்கையை விற்கிற விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். எண்ணிக்கை வேண்டும்தான். ஆனால் யாரும் பார்க்காமல் செய்த நூறு ஆபரேஷன் ஒரே தப்பை நூறு முறை பழகியதாகவும் இருக்கலாம். நல்ல இடங்களில் சர்வதேசக் கண் மருத்துவக் கவுன்சில் வகுத்த ஆஸ்கார் என்ற மதிப்பீட்டுத் தாள் வைத்து, சுரங்கம், ரெக்ஸிஸ், லென்ஸ் வைப்பது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். ஆபரேஷன் முழுக்க வீடியோவாகப் பதிவாகும். சாயங்காலம் பிஜியே தன் வீடியோவை ஓட்டி, எங்கே தவறினேன் என்று சொல்ல வேண்டும். நெட்டில் பெரிய டாக்டர்களின் அற்புதமான வீடியோக்களைப் பார்ப்பதைவிடத் தன்னுடைய சுமாரான வீடியோவைப் பார்ப்பதில்தான் பாடம் அதிகம். ஆனால் யாருக்கும் அது பிடிக்காது.

தப்பு நடந்தால் என்ன செய்வது என்பதும் பாடம். பின்பை கிழிந்தது தெரிந்தவுடன் பதறிப்போய்க் கருவியை வெளியே உருவுவதுதான் மனித இயல்பு. உருவினால் உள்ளே அழுத்தம் குறைந்து விட்ரியஸ் அலைமோதிக்கொண்டு வரும், சின்னக் கிழிசல் பெரிதாகும். கருவி உள்ளே இருக்கும்போதே சைடு போர்ட் என்ற பக்கத்துச் சின்னத் துளை வழியாக விஸ்கோவை ஏற்றிவிட்டு, அப்புறம்தான் மெதுவாக எடுக்க வேண்டும். இதை ஆட்டுக் கண்ணில் வேண்டுமென்றே பையைக் கிழித்துப் பழக்குவோம், கை தானாகச் செய்யும் வரைக்கும். ஒழுங்காகச் சமாளித்தால் பெரும்பாலானவர்களுக்கு நல்ல பார்வை கிடைத்துவிடும். பின்னால் விழித்திரையைக் கூடுதலாகக் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நடந்ததை நோயாளியிடமும் வீட்டாரிடமும் மறைக்காமல் சொல்வதையும் இதோடு சேர்த்தே கற்றுத்தர வேண்டும். பல இடங்களில் அந்தப் பாடம் இல்லை.

உங்கள் அப்பத்தா விஷயம். புரை முற்றிவிட்டது என்று சொன்னால் பெரும்பாலும் எஸ்ஐசிஎஸ்தான் செய்வார்கள், அதுதான் சரியும்கூட. பயிற்சி ஆஸ்பத்திரி என்பதற்காகப் பயப்பட வேண்டாம். தினமும் நிறைய கண்கள் பார்க்கிற இடம், சீனியர்கள் கூடவே இருக்கிற இடம். மூலையில் தனியாக எப்போதாவது ஆபரேஷன் செய்கிற கிளினிக்கைவிட நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். யார் செய்வார்கள், பயிற்சி டாக்டர் என்றால் சீனியர் அதே மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்திருப்பாரா, இந்தக் கண் பழகுகிறவருக்கு ஏற்றதா என்று யாராவது பார்த்துப் பிரித்திருக்கிறார்களா, இந்த மூன்றும் போதும். இலவச ஆபரேஷன்தானே என்று கூச்சப்பட வேண்டாம், கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் இது இருக்க வேண்டிய விஷயம். சீனியரே செய்ய வேண்டும் என்று அப்பத்தா விரும்பினால் அதையும் சொல்லலாம். கூடக் கொஞ்ச நாள் காத்திருக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். இடது கண்ணில் பார்வை எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. அதில் சரியாகத் தெரியாது என்றால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

அப்புறம் சில வீட்டு விஷயங்கள். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றின் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அரை மணி நேரம் மல்லாந்து படுக்க முடியுமா என்று வீட்டிலேயே படுக்க வைத்துப் பாருங்கள். மூச்சு வாங்கினாலோ இருமல் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கண் திறந்திருக்கும்போது ஒரு பலமான இருமல் வந்தால் எவ்வளவு பெரிய டாக்டருக்கும் வேர்த்துவிடும். இருமல் இருந்தால் குணமாகும் வரை தள்ளிப்போடலாம். வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் அன்று காலையிலிருந்து வேண்டாம் என்று சொல்லுங்கள். முகத்தின் மேல் துணி போர்த்திய பிறகு அதற்குள்ளே மென்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தாடை அசைந்தால் தலை அசையும், தலை அசைந்தால் மைக்ரோஸ்கோப்பில் கண்ணே ஓடும்.